கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள கயலுக்கு,

உன் புத்தகப் படங்களுக்காகப் பதிப்பாளர் கொடுத்ததாக நீ அனுப்பிய ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றாயே, அது போதும். மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

பதிவு செய்யாமல் படங்களை அனுப்பிவிட்டோமே என்று கவலைப்பட்டிருந்தாய். அந்தப் பயம் வேண்டாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீ வரைந்ததுமே உரிமை வந்துவிடுகிறது. உன் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு கட்டாயமில்லை. செய்துவைத்தால் கோர்ட்டில் முதல்நிலைச் சான்றாக உதவும், அவ்வளவுதான். பென்சில் ஸ்கெட்ச், கம்ப்யூட்டரில் இருக்கும் மூலக் கோப்பு, மெயில் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்து. ஒன்று மட்டும் தெரிந்துகொள். யானைக்குட்டி பள்ளிக்கூடம் போகிறது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, நீ வரைந்த யானைக்குட்டிதான் உன்னுடையது. 1978இல் நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

என் கவலையெல்லாம் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான். ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு விதமாகப் பேசி முடிக்காவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. போட்டோவுக்கும் அப்படியே. கதை எழுதிக் கொடுப்பவருக்கு இல்லாத இந்தச் சங்கடம் வரைகிறவர்களுக்கு இருப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் சட்டம் அப்படி இருக்கிறது. அதனால் "படங்களின் பதிப்புரிமை ஓவியருக்கே" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆகவேண்டும்.

அப்புறம் அந்த நான்காவது பத்தி. "எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று போட்டிருக்கிறார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியே வாழ்ந்தவன் நான். இது குத்தகைப் பேச்சுப் பேசிவிட்டுக் கிரயப் பத்திரம் நீட்டுகிற வேலை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை, என்ன தொகை என்று சொல்ல வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு உனக்கு ஆதரவாக நிற்கும். ஆனால் "என்றென்றைக்கும்" என்று எழுதியதில் நீயே கையெழுத்துப் போட்டால் அந்த ஆதரவும் போய்விடும். தமிழ்ப் பதிப்பு, அச்சுப் புத்தகம், ஐந்து ஆண்டு என்று உரிமம், அதாவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும் கொடு. பொம்மை, டீ-சர்ட், கார்ட்டூன் என்று வந்தால் தனியாகப் பேசட்டும்.

படத்தில் உன் பெயர் வரவேண்டும். படத்தைச் சிதைத்து உன் பெயரைக் கெடுத்தால் கேட்கிற உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் உனக்கு உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சேதமாக்கியது. பணம் கொடுத்து வாங்கியது அரசுதான். இருந்தும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, அப்போது சிறு பெண்ணாக இருந்த உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பதிப்பாளரிடம் கோபப்படாதே, பலர் பழைய படிவத்தையே எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். நான்காவது பத்தியை மாற்றி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மெயிலில் அனுப்பிப் பதிலையும் மெயிலிலேயே வாங்கு. முன்பணம் வராமல் அட்டைப்படத்தைத் தொடாதே. அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா