‘ஆக’வும் ‘லி’யும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகள், தன் அம்மாயியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை அண்மையில் என்னிடம் காட்டினாள். விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போய், மழையையும் அட்டைக்கடியையும் பாராமல் தேயிலைக் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவரைப் பற்றி, ‘ஷீ வேர்க்ட் ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ‘சரி’ போடப்பட்டிருந்தது. கடினமாக உழைத்தார் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். ஆங்கிலம் அறிந்தவரோ, அம்மாயி பெயருக்குத்தான் உழைத்தார் என்று பொருள் கொள்வார்.

பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. பெயரை விளக்கும் பெயரடையுடன் ‘லி’ சேர்த்தால் வினையை விளக்கும் வினையடை, தமிழில் ‘ஆக’ சேர்ப்பது போல என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறோம். ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆவது இதற்குள் அடங்கும். ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்றவை அடங்கா. பழைய ஆங்கிலத்தில் இவற்றின் வினையடை வடிவத்துக்கு ஈற்றில் ஓர் ‘ஈ’ எழுத்து இருந்தது. அது தேய்ந்து மறைந்தபின் பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே வடிவம் நிலைத்துவிட்டது. ‘லேட்லி’ என்றால் தாமதமாக அல்ல, அண்மைக்காலமாக. ‘ஃப்ரெண்ட்லி’யோ, ‘லி’ இருந்தும் பெயரடைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம்முடைய ‘ஆக’விலேயே இருக்கிறது. ‘அழகாகப் பாடுகிறாள்’, ‘அழகாக இருக்கிறாள்’ என்று இரண்டுக்கும் ஒரே ‘ஆக’வைத்தான் நாம் வைத்திருக்கிறோம். ஆங்கிலமோ பாடுவதற்கு ‘பியூட்டிஃபுலி’ என்றும், இருப்பதற்கு வெறும் ‘பியூட்டிஃபுல்’ என்றும் பிரித்துவிடுகிறது. ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’ ஆகியவையும், ஒன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல வரும்போது, பெயரடையையே கேட்கும். தேநீர் ருசியாக இருக்கிறது என்பதற்கு ‘டேஸ்ட்ஸ் நைஸ்லி’ என்று நம் பிள்ளைகள் எழுதினால், அவர்கள் கையைப் பிடித்து எழுதவைப்பது தமிழ்தான்.

தமிழும் ஒரே அச்சில் வார்த்ததல்லவே. ‘நல்ல’ என்பது ‘நன்றாக’ என்று உருமாறுவதைக் காட்டினால், ‘குட்’ என்பதற்கு ‘வெல்’ வருவது எந்தப் பிள்ளைக்கும் உடனே விளங்கும். ‘மெல்ல நட’ என்பதில் ‘ஆக’வே இல்லை.

ஆகவே, தங்கள் மாணவர் பகுதியில், ‘இருக்கிறது’ என முடியும் வாக்கியங்களையும் செயலைக் குறிக்கும் வாக்கியங்களையும் அருகருகே வைத்து ஒரு பயிற்சியை வெளியிட்டால், சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
தலவாக்கலை.