பூக்கட்டும் பெண்ணும் தூங்கும் கிழவரும்

அன்புள்ள மகளுக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பெரியப்பா எழுதுவது. லாஸ்பேட்டை வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு மனித உருவம் உள்ள படங்கள் வேண்டும் என்று நீ கைப்பேசியில் அனுப்பிய மூன்றையும் பார்த்தேன். நீர்வண்ண ஓவியத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், சனிக்கிழமை பேருந்து ஏறிப் புதுச்சேரிக்கு வந்து, அந்தக் கடையிலேயே முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டும் திரும்பினேன். எனக்கு வரையத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாகப் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைப்பவன். இதே கேள்வியோடு என் கடைக்கும் பலர் வருகிறார்கள் என்பதால், உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குப் பிடித்தது மீன்கூடை சுமக்கும் பெண். பெரிய படம், பளிச்சென்ற வண்ணம், சோபாவின் நீலத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அவள் கழுத்தையும் பாதத்தையும் பார். நிறைந்த மீன்கூடையைத் தலையில் ஏற்றியவளின் கழுத்து விறைத்திருக்கும். குதிகால் மண்ணை அழுத்தும். சிரிப்பதற்கு அவளுக்கு மூச்சு மிச்சமிருக்காது. இவளோ வெறுங்கூடையைத் தூக்கியவள் போலச் சிரிக்கிறாள். காலடியில் நிழல் இருக்கிறது, கால் அதன் மேல் நிற்கவில்லை. கூடையின் பின்னலும் காதுத் தோடும் பின்னால் கிடக்கும் படகும் ஒரே கூர்மையில் இருப்பதைப் பார்த்தால், புகைப்படத்தை வைத்துக்கொண்டு அப்படியே நகலெடுத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. உயிருள்ள ஆளை எதிரே வைத்து வரைகிறவருக்கு அவ்வளவையும் வரைய நேரம் இருக்காது. எதை விடுவது என்று அவர் முடிவு செய்தே ஆக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் நாம் பார்த்து வளர்ந்த மீன்காரப் பெண்கள் இவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது படத்தை, வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண்ணை, நீயே தயங்கித்தான் அனுப்பியிருந்தாய். "முடிக்காத மாதிரி இருக்கிறது பெரியப்பா" என்றாய். நான் அதன் முன்தான் அதிக நேரம் நின்றேன். முறையான நீர்வண்ணத்தில் வெள்ளை நிறத்தைப் பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தூரிகை படாமல் காகிதத்தையே விட்டுவைப்பார்கள். அவள் மடியில் குவிந்திருக்கும் மல்லிகை முழுவதும் அப்படி விடப்பட்ட காகிதம். சுற்றிலும் சேலையின் மங்கிய பச்சை வந்து நின்றதால்தான் அது பூவாகியிருக்கிறது. முகம் நாலைந்து தீற்றல்தான். ஆனால் நாரைப் பிடித்த இடது கைப் பெருவிரலும் முடிச்சை இழுக்கும் வலது கைச் சுட்டுவிரலும் எவ்வளவு நிச்சயமாக இருக்கின்றன, பார்த்தாயா? முழங்கைக்குக் கீழே ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணம் பட்டுப் பரவிய ஒரு கறை இருக்கிறது. வரைந்தவர் அதைத் திருத்த முனையவில்லை. நீர்வண்ணத்தில் திருத்தப் போனால் காகிதம் நைந்து வண்ணம் சேறாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, கரியால் வரைந்த, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கும் கிழவர். தாடை மார்பில் சரிந்திருக்கிறது. ஒரு காலின் செருப்பு பெருவிரலில் மட்டும் தொங்குகிறது. இன்னும் ஒரு நொடியில் அது விழுந்துவிடும் என்று தோன்றி, நான் இரண்டு முறை குனிந்து பார்த்தேன் என்றால் சிரிப்பாய். வண்ணம் இல்லாத படத்துக்கு எதற்கு இவ்வளவு விலை என்று மாப்பிள்ளை கேட்டாராம். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களை எங்காவது தேடி அவருக்குக் காட்டு. வெறும் கறுப்புக் கோட்டில் ஒரு மனிதரின் நடையும் முதுமையும் எப்படி வந்துவிடுகின்றன என்று அவரே பார்த்துக்கொள்வார். உன் அம்மா மட்டும் தூங்குகிற ஆளைக் கூடத்தில் மாட்டுவதா என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கிழவரை உன் படிப்பறைக்கு அனுப்பிவிடு.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. வாங்குமுன் காகிதத்தைக் கேள். பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள) காகிதம் என்றால் நல்லது. மலிவான மரக்கூழ்க் காகிதம் சில வருடங்களில் பழுப்பேறும். உங்கள் ஊரிலேயே அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் கிடைக்கிறதே என்பாய். பருத்தித் துணியிலிருந்து செய்யும் அருமையான காகிதம்தான். இருந்தாலும் எல்லாக் கைக்காகிதமும் நீர்வண்ணத்தைத் தாங்கும்படி பசையூட்டப்பட்டதாக இருக்காது. பூக்கட்டும் பெண் இருப்பது தடித்த, லேசாகச் சொரசொரப்பான காகிதம். ஓரத்தைத் தொட்டுப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தார். அச்சுப் பிரதியை அசல் என்று விற்கிறார்களோ என்ற சந்தேகத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும்: அச்சில் நுண்புள்ளிகள் தெரியும், அசலில் வண்ணம் குளம் கட்டிக் காய்ந்த விளிம்பும் அடியில் பென்சில் கோடும் தெரியும்.

சட்டத்தைப் பற்றி நான் பேசும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1998-இல் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த நீர்வண்ண முகப்படத்துக்கு, செலவு குறையட்டும் என்று அவர் கேட்டதற்காக, மவுண்ட், அதாவது படத்தையும் கண்ணாடியையும் ஒட்டாமல் பிரித்து நிறுத்தும் அட்டை, வைக்காமல் கண்ணாடியை நேராகப் படத்தின் மேலேயே பதித்துக் கொடுத்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. காயட்டும் என்று இரண்டு நாள் வைத்து, கத்தி முனையால் மெல்லப் பிரித்தேன். படத்தில் இருந்த அம்மாவின் இடது கன்னம் கண்ணாடியோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியையும் காகிதத்தையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து மவுண்ட் இல்லாமல் நான் எந்தக் காகிதப் படத்துக்கும் சட்டம் போடுவதில்லை. கிழவருக்கும் கண்ணாடிதான் வேண்டும். அக்ரிலிக் தகட்டில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துவிடும்.

மாட்டும் இடத்துக்கு வருகிறேன். மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படங்களின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலேயே வைத்திருப்பார்கள். உன் கூடத்தின் மாலை வெயில் அதைப் போலப் பல மடங்கு. முதலில் வெளுப்பது பெரும்பாலும் இளஞ்சிவப்புதான், அதாவது முகமும் உதடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்துக் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில், சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டிக் காற்றுப் போக இடம் விட்டு மாட்டலாம். இன்னொன்று: மறைந்தவர்களின் படங்களை உத்தரத்துக்கு அருகில் சாய்த்து மாட்டிப் பழகிய கை நம்முடையது, அதே உயரத்தில் இவளையும் ஏற்றிவிடாதே. கூடத்தில் நீங்கள் உட்கார்ந்துதான் இருப்பீர்கள், ஆகவே படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும். அவள் முகம் இடப்புறம் திரும்பியிருப்பதால், சுவரின் வலது ஓரத்தில் மாட்டினால் கூடத்தைப் பார்த்தபடி பூக்கட்டுவாள். இடது ஓரத்தில் மாட்டினால் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டையும் சேர்த்து வாங்கப் பணம் போதாவிட்டால் பூக்கட்டும் பெண்ணை மட்டும் வாங்கு. அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகளையும் ஒருமுறை விசாரித்துப் பார். உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்த பயிற்சிப் படங்களை அவர்களில் யாராவது விற்கக்கூடும். யாரிடம் வாங்கினாலும் கையெழுத்தும் வருடமும் படத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

வாங்கியதும் சுருட்டாதே. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து, மழை இல்லாத நாளாகப் பார்த்துக் கடைக்குக் கொண்டுவா. அவள் சேலைப் பச்சைக்கு ஒத்துவரும் மெல்லிய தேக்குச் சட்டம் மூன்றரை அடி நீளத்தில் நாலு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா