சாயம் பழக்குபவர்கள் கிணற்றையும் நினைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ் நகரில் நடந்த ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சியைப் பற்றியும், அதையொட்டி அந்தத் துணிக் கலைஞர் நடத்திய சாயமிடும் செயலமர்வைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்திருந்தது. பெண்கள் பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே. நான் பாடசாலையில் நீண்ட காலம் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கண்காட்சிக்கு மூன்று நாளும் போனேன். செயலமர்விலும் இருந்தேன். செய்தியில் வராத சில விடயங்களை எழுத வேண்டும் போலிருக்கிறது.

முதல் நாள் வாசலில் நின்ற ஓர் அம்மா, "இந்த வெக்கைக்குள்ள எங்களுக்கு ஏன் பிள்ளை போர்வை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கில்ட் என்று சொல்லும் இந்த ஒட்டுத்துணிப் போர்வை, மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்று விலகாதபடி நெடுக நூலோட்டித் தைப்பது. குளிர் தேசத்தில் அதைப் போர்த்துக்கொள்வார்கள். எங்களிடம் பஞ்சு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கைக்குழந்தைக்குப் பழஞ்சீலையை நாலாக மடித்து, ஓரம் அடித்து, குறுக்கே நூலோட்டி விரிப்புத் தைக்காத வீடு எது? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, தோய்த்துத் தோய்த்து மெதுமையான துணிதான் வேண்டும் என்று அம்மம்மாமார் சொல்வார்கள். அந்தக் கைவேலைதான் இங்கே சுவரில் ஏறியிருக்கிறது என்று சொன்னதும் அந்த அம்மா உள்ளே வந்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். தையல் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

ஒரு போர்வையின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். கட்டம் போட்ட சாரம், மஞ்சள் ஏறிய பள்ளிச் சட்டை, பூப்போட்ட சீத்தைத் துணி, மாச்சாக்கில் வெட்டிய ஒரு துண்டு. நடுவில் ஒரு நூல் சேலை. அதன் ஒரு மூலையில் கை அகலத்துக்கு ஒரு சுருக்கம். முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டி, பல நாள் அவிழ்க்காமல் விட்டால்தான் துணியில் அப்படிச் சுருக்கம் விழும். கலைஞர் அதை அயன் பண்ணி எடுக்கவில்லை. சுருக்கம் போன போக்கிலேயே, அரிசி மணியளவு தையலாக, சிவப்பு நூலை ஓட்டியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது என் அம்மாவும் தன் சேலை ஒன்றை நிலத்தில் விரித்து, காணி உறுதியையும் இரண்டு சட்டியையும் வைத்து மூட்டை கட்டினார். அந்தச் சேலையில் முடிச்சு விழுந்த இடம் பிறகு எத்தனை தரம் தோய்த்தும் நேராகவே இல்லை.

இதைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் பெரிய அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கின. சிலி நாட்டில் 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் ஒட்டுத் துண்டுகள் தைத்து, தங்களுக்கு நடந்ததை வெளியுலகுக்குச் சொன்னார்கள். அர்ப்பியேரா என்று அதற்குப் பெயர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கி வீதியோரத்தில் படங்களை ஏந்தி இருந்த தாய்மாரை அறிந்த எங்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இனி இப்படி ஒரு கண்காட்சி வந்தால் கலைப் பக்கத்தில் போடுங்கள். அவ்வளவுதான் உங்களிடம் கேட்பது. மிச்சம் செயலமர்வு நடத்துபவர்களுக்கு.

செயலமர்வு ஒரே நாள். பக்கற்றில் வரும் இரசாயனச் சாயத்தூள், உப்பு, சலவைச் சோடா, றப்பர் வளையம். காலையில் துணியை முடிந்து கட்டி, மத்தியானம் சாயத்தில் போட்டு, பின்னேரம் அவிழ்த்துப் பார்த்தோம். ஒவ்வொரு முடிச்சும் அவிழும்போது பிள்ளைகள் போட்ட சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவு சந்தோஷம். கலைஞர் பொறுமையாகச் சொல்லித் தந்தார், அதில் குறை இல்லை.

அப்புறம் உதவிக்கு நின்ற இரண்டு தம்பிமார், மிஞ்சிய நீலமும் சிவப்பும் கலந்த தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கிப்போய்க் கிணற்றடி முருங்கையின் கீழே ஊற்றினார்கள். கிணறு பத்து எட்டுத் தூரமும் இல்லை. கேட்டதற்கு, "கொஞ்சத் தண்ணிதானே அன்ரி" என்றார்கள். அவர்களில் பிழை சொல்லமாட்டேன். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வகைச் சாயத்தில் துணி எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான். கணிசமான அளவு தண்ணீரிலேயே நின்றுவிடும், அதோடு உப்பும் சோடாவும். வேறு ஊரென்றால் ஆற்றில் போனது என்பார்கள் (அதுவும் நல்லதல்ல). எங்கள் குடாநாட்டில் மாரியில் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறே இல்லை. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர். அந்தக் கல் பொந்தும் வெடிப்புமாக இருப்பது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தைக் கண்ட பிறகும் நாங்கள் இதில் கவனமில்லாமல் இருக்கலாமா?

சாயமிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மாறாக, இன்னும் ஊருக்குள் வந்து பழக்கச் சொல்கிறேன், ஆனால் எங்கள் சரக்கைக் கொண்டு. சின்ன வெங்காயம் விளையும் மண் இது. சந்தையில் வெங்காயத் தோலைக் கூட்டி எறிகிறார்கள். 100 கிராம் பருத்தித் துணிக்கு அதே எடை தோல் போதும். பருத்திக்குச் சாயம் இலேசில் பிடிக்காது. அதனால் முதலில் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் 15 முதல் 20 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். பிறகு தோல் அவித்து வடித்த சாற்றில் ஒரு மணித்தியாலம் இளஞ்சூட்டில் வைத்தால் வெண்கல நிறத்தில் மஞ்சள் ஏறும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் சில நாள் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சாயச் சாற்றில் விட்டால் அதே துணி கரும்பச்சையாக மாறும். மஞ்சள்தூளில் தோய்த்தால் பார்க்க அழகு, ஆனால் எங்கள் வெயிலில் நாலு நாள் காயவிட்டால் வெளுத்துவிடும். இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. ஆகக் குறைந்தது மூன்று நாளாவது வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: இயற்கைச் சாயம் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைக்கக்கூடாது. நிறம் கூட்டுவதற்கு மயில்துத்தம் போடச் சொல்வார்கள், அது செம்பு கலந்த நஞ்சு. கிணறு உள்ள வளவில் அது வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்று உண்டு. சாயவேர். சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்பார்கள். மணல் தரையில் படர்ந்து சின்ன வெள்ளைப்பூப் பூக்கும் செடி. அதன் மெல்லிய வேரின் தோலில்தான் சிவப்பு இருக்கிறது. மன்னாரிலும் எங்கள் தீவுப் பகுதிகளிலும் வன்னியிலும் அது தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் ஏகபோகமாகவே வைத்திருந்தார்கள். தோண்டியவர்கள் விரும்பிப் போகவில்லை, கடமையென்று கட்டாயப்படுத்தி அனுப்பப்பட்டார்கள். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உலகமெல்லாம் கேட்டு வாங்கிய சீத்தைத் துணியின் சிவப்புக்கு அந்த வேரும் ஒரு காரணம். நாங்கள் இன்றும் பூப்போட்ட துணியைச் சீத்தை என்கிறோம், வேரைத்தான் மறந்துவிட்டோம்.

அந்தச் சிவப்பு நன்றாக ஏறுவதற்குப் படிகாரத்தோடு தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சத்து. மழைத்தண்ணீரில் மங்கும் சிவப்பு, கிணற்றுத் தண்ணீரில் எடுப்பாக வரும். இந்தச் சாயத்துக்கு ஏற்ற தண்ணீர் எங்கள் வளவிலேயே இருக்கும்போது அதைக் கெடுக்கும் சாயத்தைக் காசு கொடுத்து வாங்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தூள் சாயம்தான் பழக்க வேண்டியிருந்தால், மிஞ்சிய தண்ணீரை உடனே ஊற்றாமல் இரண்டாவது, மூன்றாவது துணியைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரு படி மங்கிய நிறத்தில் வரும். போர்வை தைப்பவருக்கு அந்த மங்கிய துண்டுகள்தான் பொன். இந்தக் கண்காட்சியிலேயே கடலும் வானமும் சேரும் இடத்தை அப்படி ஏழெட்டு நீலத்தில் தைத்திருந்தார்கள். கடைசியில் நிற்கும் தண்ணீரை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவிடலாம். செயலமர்வு அளவுக்கு எங்கள் வெயிலே போதும். சாயச் சட்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

அடுத்த முறை நகரத்து மண்டபத்தில் மட்டும் நடத்தாமல் காரைநகர், வேலணை, வடமராட்சிப் பக்கமும் வாருங்கள். மாதர் சங்கக் கட்டடங்களில் இடம் உண்டு. எங்கள் தையற்கடைகளில் வெட்டுத்துணி சாக்குக்கணக்கில் கிடக்கிறது. கண்காட்சியில் போர்வைகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் மட்டும் எழுதாமல் தமிழிலும் எழுதுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டு மாமரத்தடி இருக்கிறது, விறகடுப்பும் இரண்டு பெரிய அலுமினியச் சட்டியும் இருக்கின்றன. சந்தையில் சொல்லி இரண்டு சாக்கு வெங்காயத் தோல் இப்போதே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
மானிப்பாய்.