ஏழு பேர் வந்த உரை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரல் இறங்கிப் போயிருந்தது. நான்கு மாதம் உழைத்துத் தயாரித்த ஆய்வுரைக்கு ஏழே பேர் வந்தார்கள், அதிலும் இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்றாய். சட்டென்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நவீன மொழியியலுக்கு அடித்தளம் போட்ட சசூர் ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை பொது மொழியியல் பற்றி மூன்று முறை வகுப்பெடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்தது கொஞ்சம் பேர்தான். சொன்னதை அவர் புத்தகமாக எழுதவும் இல்லை. 1913-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மாணவர்களின் நோட்டுகளை வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சக அறிஞர்கள் இருவர் 1916-ல் நூலாகக் கொண்டுவந்தார்கள். அந்த இருவருமே அந்த வகுப்புகளைக் கேட்டவர்கள் அல்ல. அன்றைக்கு அறையில் இருந்த சிலர் ஒழுங்காகக் குறிப்பெடுத்திருக்காவிட்டால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

நிரம்பி வழிந்த அரங்கின் கதை வேறு. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஃபூக்கோ 1971-லிருந்து பாரிஸில் காலேஜ் த ஃபிரான்ஸ் என்ற கல்வி நிறுவனத்தில் பேசினார். அங்கே பதிவு கிடையாது, தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இடம் போதாமல் இன்னொரு அறையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அவர் மேசை நிறைய டேப் ரிக்கார்டர்கள். ஆனால் பேசி முடித்தால் கேள்வி வருவதில்லை, கேட்பவர்களோடு பேச முடியவில்லை என்பதுதான் அவருடைய குறை. கூட்டம் குறையட்டும் என்று 1976-ல் மாலை வகுப்பைக் காலை 9 மணிக்கு மாற்றிப் பார்த்தார். அப்படியும் குறையவில்லை.

உனக்கு வந்த ஏழு பேரில் ஒருவர் கேள்வி கேட்டார் என்றாயே, நேற்று நீ பாதிச் சொல்லோடு தாண்டிப் போன இடம் அது. நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

நான் துறையில் இருந்த காலத்தில் வாராந்தரக் கருத்தரங்கை நடத்தும் பொறுப்பு பல வருஷம் என்னிடம் இருந்தது உனக்குத் தெரியும். இது தெரியாது. ஒரு முறை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றிப் பேசினார். நல்ல உரை. கேள்வி நேரத்தில் பெரியவர்கள் மூன்று பேர் எழுந்து, கேள்வி என்ற பெயரில் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றினார்கள். நானும் மரியாதைக்காக விட்டுவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு முதலாண்டுப் பெண் கை தூக்கியபடி இருந்தாள். நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டேன். எல்லோரும் கலைந்த பிறகு அவள் வந்து, நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினாள். பென்சிலில் ஒரே வரி: "கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு, நூல் எழுதிய ஆண்டா, படியெடுத்த ஆண்டா?" அந்த உரை முழுவதும் நின்றதே அந்த ஆண்டின் மேல்தான். பேச்சாளரின் கார் அதற்குள் கிளம்பிவிட்டது. அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதன் பிறகு நான் நடத்திய கூட்டங்களில் முதல் கேள்வியை மாணவர்களுக்கே விட்டேன்.

ஒன்று மட்டும் உரிமையோடு சொல்கிறேன். நீ கட்டுரையை அப்படியே வாசித்திருப்பாய். ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். 20 நிமிஷ உரைக்கு எட்டுப் பக்கமே அதிகம். நீ பதினான்கு பக்கம் வைத்திருந்தாய், அவசர அவசரமாகத்தான் ஓடியிருக்க முடியும். கண்ணில் படித்தால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். காதில் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. மேற்கோள்களைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடு. ஸ்லைடில் ஓடிப்போகிற வரியை யாரும் மடக்கிக் கேட்க முடியாது. கையில் இருக்கிற வரியைக் கேட்பார்கள். பாதியில் போன இருவரை மறந்துவிடு, அவர்களுக்கு வகுப்பு இருந்திருக்கும்.

அடுத்த வாரம் உன் துறையில் வேறு யாரோ பேசுவார்கள். உன் தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் போய் முன்வரிசையில் உட்கார். அவருக்கும் ஏழு பேர்தான் வரக்கூடும்.

அந்த ஒருவர் உன்னிடம் கேட்டது என்ன? உனக்கு நினைவிருக்கிற வார்த்தையில் அப்படியே எழுதி அனுப்பு. நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா