தப்பான விடை கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு குழந்தைகளுக்கான கணிதச் செயலிகளை ஒப்பிட்ட தங்கள் கட்டுரை, வண்ணத்துக்கும் அனிமேஷனுக்கும் நட்சத்திரப் பரிசுக்கும் மதிப்பெண் போட்டிருந்தது வருத்தம் தந்தது. படம் பார்த்துப் புரிந்துகொள்ளும் வயதில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. திரையில் உள்ள படம் கணக்கை விளக்குகிறதா, வெறும் அலங்காரமா?

8 + 5 என்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். பல செயலிகள் எட்டுப் பந்துகளையும் ஐந்து பந்துகளையும் சிதறவிட்டு எண்ணச் சொல்கின்றன. குழந்தை ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை தொட்டுத் தொட்டு எண்ணிவிடும். விடை சரிதான், ஆனால் கூட்டலில் ஓர் அடிகூட நகரவில்லை. வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை உள்ள பத்துக் கட்டத்தில் எட்டு நிரம்பியிருந்தால், இரண்டு காலி என்பது எண்ணாமலே கண்ணில் படும். ஐந்திலிருந்து இரண்டை இழுத்து அங்கே வைத்தால் பத்து, வெளியே மூன்று. இழுத்து வைப்பது குழந்தையின் விரலாக இருக்க வேண்டும். செயலியே செய்து காட்டினால் குழந்தை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் பெற்றோர் வேண்டுமென்றே 8 + 5-க்கு 12 என்று அழுத்திப் பார்க்கட்டும். சிவப்புக் குறியும் ஓர் ஒலியும் மட்டும் வந்தால் அந்தச் செயலி எதையும் கற்றுத்தரவில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் வகைச் செயலியில், குழந்தை ஒவ்வொன்றாக அழுத்தியே நட்சத்திரம் வாங்கிவிடும். நல்ல செயலி 12 பந்துகளைப் பத்துக் கட்டங்கள் இரண்டில் வைத்து, பதின்மூன்றில் ஒரு பந்து மிஞ்சி நிற்பதைக் காட்டும். எங்கே பிசகியது என்று குழந்தையே கண்டுகொள்ளும்.

படமே தப்பாக இருப்பதும் உண்டு. பத்தைக் குறிக்கும் கம்பி, ஒன்றைக் குறிக்கும் கட்டையைப் போலச் சரியாகப் பத்து மடங்கு நீளம் இருக்க வேண்டும். எண்கோட்டில் இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும். 1/3, 1/4 இரண்டையும் ஒப்பிடும்போது முழு வட்டங்கள் வெவ்வேறு அளவில் இருந்தால், கால்பங்கு பெரிதாகத் தெரிந்து குழந்தை குழம்பிவிடும். பின்னத்தை வட்டத்தில் மட்டும் காட்டுவதும் போதாது; பட்டையும் எண்கோடும் வேண்டும்.

டைமரை நிறுத்த வழியில்லாத செயலியை ஒதுக்கிவிடலாம். நேரம் ஓடும்போது குழந்தை படத்தைப் பார்க்காது, ஊகிக்கும்.

‘இவன் கண்ணால் கற்பவன்’ என்று முத்திரை குத்தி, அதற்கென விற்கும் செயலியைத் தேடவும் தேவையில்லை. குழந்தையின் கற்றல் பாணிக்கேற்பப் பாடத்தை மாற்றினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினரின் 2008 மதிப்பாய்வு கூறியது. நல்ல படம் எல்லாக் குழந்தைகளுக்கும் உதவும்.

சில நாள் பயன்படுத்திய பின் திரையை மூடிவிட்டு, 7 + 6-ஐக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லலாம். பத்தை நிரப்பி வரைந்தால் செயலி வேலை செய்திருக்கிறது. பதின்மூன்று கோடுகள் போட்டு எண்ணினால் இல்லை.

அடுத்த ஒப்பீட்டு அட்டவணையில் ‘தவறான விடைக்குச் செயலி என்ன செய்கிறது?’ என்ற கேள்வியையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கநிலைக் கணித ஆசிரியர் ஒருவர்