பட்டப்பெயரை வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளில் பாய்லர்மேக்கர்ஸ், பேட்ஜர்ஸ், செமினோல்ஸ் என்று அணிகளின் பட்டப்பெயரை அப்படியே போட்டுவிட்டு ஸ்கோருக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாமே, அதில்தான் விஷயமே இருக்கிறது.

பர்டூ பல்கலைக்கழக அணி 1891-ல் கிராஃபோர்ட்ஸ்வில் ஊருக்குப் போய் வபாஷ் கல்லூரியை அமெரிக்கக் கால்பந்தில் 44-0 என்று தோற்கடித்தது. தோற்ற ஊரின் பத்திரிகைக்குப் பொறுக்கவில்லை. வந்தவர்களை முரட்டு பாய்லர்மேக்கர்ஸ், அதாவது நீராவி பாய்லர் செய்யும் தொழிலாளிகள், என்று தலைப்பிலேயே எழுதிவிட்டது. பொறியியல் மாணவர்கள், பட்டறையில் கையில் கரியோடு வேலை கற்பவர்கள், அதைக் குத்திக்காட்டத்தான் அந்தப் பெயர். ஆனால் பர்டூ மாணவர்களுக்கு அது பிடித்துப்போய் தங்கள் பெயராகவே வைத்துக்கொண்டார்கள், இன்றும் ரயில் எஞ்சின் மாதிரி செய்த ஒரு வண்டிதான் பல்கலைக்கழகத்தின் சின்னம். விஸ்கான்சினின் பேட்ஜர்ஸும் உழைப்பாளிகளின் பெயர்தான். 1820-களில் ஈயச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்ட வழியில்லாமல் மலைச்சரிவில் குகை தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள், அதனால் வளை தோண்டும் பேட்ஜர் என்ற விலங்கின் பெயர் அவர்களுக்கு வந்தது, அப்புறம் மாநிலத்துக்கும் அணிக்கும்.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர்கள் அப்படி வந்தவை அல்ல. நிலத்தைப் பறிகொடுத்த மக்களின் பெயரை, அவர்களைக் கேட்காமலேயே பனியனில் அச்சடித்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பூர்வகுடி மாணவர்களே மனு கொடுத்த பிறகு 1972-ல், அவர்களைக் குறித்த 'இந்தியன்ஸ்' என்ற பெயர் போனது. 2005-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. இத்தகைய பெயர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்படியும் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 'ஃபைட்டிங் சூ' (போரிடும் சூ பழங்குடியினர்) என்ற பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, 2012-ல் மாநில மக்களே வாக்களித்துத்தான் அது முடிவுக்கு வந்தது. அங்கே ஸ்பிரிட் லேக் சூ மக்களில் பெரும்பாலோர் பெயர் இருக்கட்டும் என்றார்கள், இன்னொரு சூ பிரிவான ஸ்டாண்டிங் ராக் மக்களின் பழங்குடி மன்றம் சம்மதிக்கவில்லை. ஆக, எல்லாப் பூர்வகுடிப் பெயரும் போயே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் செமினோல்ஸ் பெயரை இன்றும் வைத்திருக்கிறது என்றால், ஃப்ளோரிடா செமினோல் பழங்குடி மன்றம் 2005-ல் தீர்மானம் போட்டு ஆதரித்ததால்தான்.

அடுத்த முறை செமினோல்ஸ் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்தத் தீர்மானத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்க வாசகர்,
மதுரை