ஃபைட்டருக்கும் நியாயம் வேண்டும்: கோலாலம்பூர் டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டத்தைத் தமிழில் நடத்தும் டிஎம்கள் (ஆட்டத்தை வழிநடத்தும் நடுவர்கள்) அனைவருக்கும் வணக்கம்.

மந்திரவாதியான விஸார்டாக ஆடினால்தான் மரியாதை, வாள் வீசும் ஃபைட்டர் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டியதுதான் என்ற புலம்பல் நம் மேசைகளில் ஓயவே இல்லை. பழியை விதிப் புத்தகத்தின் மேல் போடுகிறோம். ஓரளவு நியாயம்தான். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு விஸார்ட், ஃபைட்டர் போன்ற எல்லா கிளாஸையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்த்தது. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பலருக்குப் பிடிக்கவில்லை. 2014-இல் ஐந்தாம் பதிப்பு பழைய வித்தியாசங்களைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு லாங் ரெஸ்டுக்கும் (செலவான சக்தி எல்லாம் மீளும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவில் ஆறிலிருந்து எட்டு மோதல் வரை ஒரு குழு தாங்கும் என்று அந்த ஆண்டு வந்த டிஎம் கையேடு கணக்குப் போட்டிருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? ஆள் சேரவே நேரமாகிவிடுகிறது. ஒரு பெரிய சண்டை முடிவதற்குள் எல்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டும், மறுநாள் வேலை. “சரி, எல்லாரும் தூங்கி எழுந்தாச்சு” என்று டிஎம் முடித்துவிடுகிறார். அடுத்த வாரம் விஸார்டுக்கு எல்லா ஸ்லாட்டும், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பும், நிரம்பியிருக்கிறது.

ஐந்தாம் லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். விஸார்டின் ஃபயர்பால் மந்திரம் என்றால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி அடி 28. வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அந்த அடி, தாக்குப்பிடித்தால் பாதி. பெரிய வாளோடு நிற்கும் ஃபைட்டருக்கு இரண்டு வீச்சு, பலம் +4 என்றால் வீச்சுக்கு 11. இரண்டும் பட்டால் 22, பெரும்பாலும் ஒரே எதிரிக்கு. ஆனால் விஸார்டிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டுதான், ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வில் இன்னொன்று மீளலாம். அது தீர்ந்தால் ஸ்லாட் தேவைப்படாத ஃபயர் போல்ட் மந்திரம்தான், பட்டால் சராசரி 11. ஃபைட்டரின் ஒரு வீச்சு அளவு. வாளுக்கு ஸ்லாட் கிடையாது. ஃபைட்டருக்குக் கூடுதலாக ஒரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜ் ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும். நான்காவது, ஐந்தாவது மோதலில்தான் ஃபைட்டரின் மதிப்பு தெரியும். அந்த மோதல் நம் மேசையில் வருவதே இல்லை.

எங்கள் மேசையில் ஒரு தம்பி மதுரைவீரனை மனத்தில் வைத்து ஒரு ஃபைட்டர் செய்தான். மீசை, அரிவாள், குதிரையின் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து கொண்டுவந்தான். சில வாரங்களில் அவன் முறை வருவதற்குள் எதிரிகள் சாம்பலாகிவிடுவார்கள். பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இப்போது அவனும் விஸார்ட். அந்த நோட்டை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தயவுசெய்து, ஆட்டம் முடிந்தால் கதையிலும் இரவு ஆகிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். மிச்ச ஸ்லாட்டை ஒரு தாளில் குறித்து வாங்கி வையுங்கள், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குங்கள். அது சிரமம் என்றால் அதே கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்டுக்கு 8 மணி நேரம், லாங் ரெஸ்டுக்கு 7 நாள். வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும் நம் மேசைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஷார்ட் ரெஸ்டை நம்பி ஆடும் மாங்க், வார்லாக் ஆட்டக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம், பூட்டு விஷயம். பூட்டுத் திறக்கத் தெரிந்த ரோக் பக்கத்திலேயே இருக்கும்போது விஸார்ட் ‘நாக்’ மந்திரம் போட்டுக் கதவைத் திறந்தால், அந்தச் சத்தம் 300 அடி வரை கேட்கும் என்று விதியிலேயே இருக்கிறது. காவலர்களின் காதில் அது விழட்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறீர்கள்.

விஸார்ட் ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நானும் விஸார்ட் ஆடுகிறவள்தான். கடைசி ஃபயர்பாலை இப்போதே போடுவதா, வைத்திருப்பதா என்று யோசிப்பதில்தான் எனக்கு இந்த ஆட்டமே. அந்த யோசனைக்கு இடம் கொடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு விஸார்ட்